பன்னிரண்டு ஐந்துக்கு இறங்கியவன்

"களவாண்டவ மறுநாள் வெடியக்காலம் ரெண்டு பஸ் ஏறி, களவாண்ட வீட்டுக்கே வந்து நின்னு, எந்தப் பாத்திரத்த முதல்ல தேய்க்கணும்னு கேப்பாளா சாரே?"

செல்லபாயின் கேள்வியை ஞானசிகாமணி மனசுக்குள் எடை போட்டார். அவசரப்படுகிற ஆள் இல்லை அவர். இருபத்தொரு வருஷம் சாலைக் கம்போளச் சந்தையில் அரிசி மூட்டை சுமந்தவர். முதுகில் ஒரு வட்டு நகர்ந்த பிறகு ஒரு செக்யூரிட்டிக் கம்பெனியில் காவலுக்கு நின்றார். திருடர்களைவிட, திருட்டுப் போனதென்று சொல்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டிய ஆட்கள் என்று அங்கே கண்டுகொண்டு, சொந்தமாகப் போர்டு மாட்டினார். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, கோலப்பனின் டீக்கடைக்கு மேலே, ஒரே அறை. 'ஞானம் டிடெக்டிவ்ஸ்'. போர்டு பன்மையில் இருந்ததற்குக் காரணம் பிஜி.

பிஜிக்கு முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷம் அரசு பஸ்ஸில் தற்காலிகக் கண்டக்டராக இருந்து, ஒரு பக்க உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். டிக்கெட் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாயை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

"கேள்வி நல்ல கேள்விதான் சேச்சி" என்றாள் அவள். "ஆனா எஸ்.ஐ. அத நேர்மைன்னு எழுத மாட்டாரு. நல்ல நடிப்புன்னு எழுதுவாரு."

செல்லபாய் மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தாள். உள்ளே புத்தம்புது பாஸ்போர்ட். போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டம் சம்பளம் கொடுக்க மறந்துபோன பிறகு, விதுரா வந்து பஸ் பிடித்து, தினமும் கரமனை அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் எட்டு மணி முதல் ஒரு மணிவரை வேலை செய்கிறவள். ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை சரியாகியிருந்தது. திங்கட்கிழமை போலீஸ் சர்ட்டிபிக்கட் வாங்கிக் கொடுக்க வேண்டும். அது இருந்தால்தான் விசா.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்காரம்மையோட தங்க மாலை கிட்டல்லன்னா கேஸ் எழுதிருவேன்னு எஸ்.ஐ. சொல்லியாச்சு. கேஸ் எழுதினா அந்தப் பேப்பர் கிட்டாது. பேப்பர் கிட்டல்லன்னா நான் சாவுற வரைக்கும் விதுரா பஸ்ஸுதான்."

"விதுரா பஸ்ஸக் குறை சொல்லாதீங்க. அது என் பழைய ரூட்டு" என்றாள் பிஜி.

ஞானசிகாமணி எழுந்தார். அவர் எழுந்தால் முதலில் கழுத்து வரும், பிறகுதான் மற்றது. "எந்த வீடு?"

*

கரமனை ஆற்றுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம், நீளமான வீடு. வீட்டுக்காரர் வெங்கடேஸ்வரன், தணிக்கை ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். 'செல்லபாய்க்கு ஆதரவாகத் துப்பறிய வந்திருக்கிறோம்' என்று பிஜி சொன்னதும் கோபப்படுவார் என்று நினைத்தார்கள். அவர் சந்தோஷப்பட்டார். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று மூன்று நாளாக ஒரு ஃபைலோடு காத்திருந்தவர் போல இருந்தது.

"உக்காருங்கோ. ப்ரூஃப் இல்லாம நான் ஒரு வார்த்தை பேசறதில்லை. நாலு பவுன் மாலை. செவ்வாய்க்கிழமை காலம்பற பத்தரைக்கு என் ஆம்படையா விஜயம் எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறச்சே கழட்டிப் பூஜை அறைத் தாம்பாளத்துல வெச்சா. நானே பாத்தேன். மூணு மணிக்குப் பாத்தா இல்லை. நடுவுல ஆத்துல யாரு? நான், அவ, செல்லபாய். அவ்வளவுதான்."

"வேற யாரும் வரலியா சார்?"

"வாசக்கதவு தாழ்ப்பாள். கொல்லைக்கதவுக்கு மூணு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு விஜயத்துகிட்ட, ஒண்ணு எம் பிள்ளை ஹரிஷங்கர்கிட்ட. அவன் அப்போ ஆகாசத்துல இருந்தான்."

"அப்படீன்னா?"

வெங்கடேஸ்வரன் ஃபைலைத் திருப்பி வைத்தார். மேலே 'ஹரி – ஷார்ஜா' என்று உருட்டி உருட்டி எழுதியிருந்தது. விமான டிக்கெட் நகல்: செவ்வாய், புறப்பாடு 9.30, ஷார்ஜா வந்து சேர்வது 12.05. அடுத்த தாளில் மகன் தானே மணி போட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், இங்கே வந்து சேர்ந்த நேரமும் தெரியப் பிரிண்ட் எடுக்கப்பட்டவை. '9.12: ஏறியாச்சு.' '12.05: இறங்கியாச்சு.' அதற்கும் அடுத்த தாள்: 'பெட்டியில் போனவை: 23 உருப்படி.' நேந்திரங்காய் வறுவல் ஆறு பாக்கெட், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, அப்பளம் மூன்று கட்டு.

"ஆறு வருஷமா இப்படித்தான்" என்றார் பெருமையாக. "ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. டிக்கெட்டுல பன்னிரண்டு அஞ்சு, மெசேஜுல அவன் போடறதும் பன்னிரண்டு அஞ்சு. அப்படி வளத்திருக்கேன்."

பிஜி போனை எடுத்து மூன்று தாள்களையும் படம் பிடித்துக்கொண்டாள். "சார், உங்க ஃபைல் மாதிரி எங்க டிப்போவுல ஒண்ணு இருந்திருந்தா இன்னிக்கும் நான் கண்டக்டர்தான்."

அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஞானசிகாமணி தண்ணீர் கேட்கும் சாக்கில் அடுக்களை வாசல்வரை போனார். விஜயம் மாமி டம்ளரை நீட்டினாள், முகத்தை நீட்டவில்லை. சுவரில் ஒரு கடிகாரம். அதற்குப் பக்கத்தில் அதே அளவில் வட்டமாக, மங்காத சுண்ணாம்பு.

"இங்கே இன்னொரு கடியாரம் இருந்ததோ மாமி?"

"ஓடலை. கழட்டிட்டேன்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

கூடத்திலிருந்து வெங்கடேஸ்வரன் குரல் கொடுத்தார்: "அது ஷார்ஜாக் கடியாரம். பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா, எல்லாம் அவளுக்கு அதுலதான் கணக்கு. நேக்கு அதெல்லாம் ஒத்துவராது. நான் பேப்பரை நம்பற ஆளு."

தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கொடுக்கும்போது மாமியின் கழுத்தை அவர் பார்த்தார். மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. திருட்டுக் கொடுத்தவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் இடம் அது. மாமியின் கை ஒரு தடவைகூட அங்கே போகவில்லை.

*

கோலப்பனின் கடையில் இரண்டு டீ வந்தது. பிஜி போனில் படங்களை நகர்த்திக்கொண்டே சொன்னாள்:

"அண்ணாச்சி, நாம ரெண்டு பேரும் தப்பான வாழ்க்கை வாழ்ந்துட்டோம். ஒன்பதரைக்கு ஏறி பன்னிரண்டு அஞ்சுக்கு ஷார்ஜா. ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம். நான் இந்த நேரத்துல நாகர்கோவில் போய்ச் சேந்ததில்ல. பாறசாலையில ரயில்வே கேட் வேற."

"எத்தன கிலோமீட்டர் இருக்கும்?"

"அத எதுக்கு இப்ப?"

"நீ கண்டக்டர்தானே. தூரம் தெரியாம எப்படி டிக்கெட் கிழிப்ப?"

பிஜி தேடினாள். ஊருக்கு ஊர் வான்வழித் தூரம் சொல்லும் பக்கம் ஒன்று கிடைத்தது. "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம், கூடக் குறைய." அவள் உதடு தானாகக் கணக்குப் போட்டது. ஒன்பது வருஷப் பழக்கம். தூரத்தையும் நேரத்தையும் பார்த்தால் வேகம் வந்து நிற்கும். "மணிக்கு ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல. சாதாரண பிளேன் எண்ணூறு, தொள்ளாயிரம் போகும்னுதானே சொல்லுவாங்க? பறக்குற நேரம் நாலு மணின்னு இந்தப் பக்கத்துலயே போட்டிருக்கான். டிரைவர் நம்ம சூப்பர்ஃபாஸ்ட் ஆளா இருப்பான் போல."

ஞானசிகாமணியின் டம்ளர் உதட்டுக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது.

"கோலப்பா, நீ எத்தன வருஷம் ஷார்ஜாவுல இருந்த?"

"பதினொண்ணு." கோலப்பன் டீயை ஆற்றும் கையை நிறுத்தவில்லை. "கொத்தனாருக்குச் சாந்து குழைக்கப் போனேன். ஊருக்கு வரும்போது இடுப்பு மட்டும் வரல்ல."

"இங்கருந்து அங்க எவ்வளவு நேரம்?"

"நாலு மணிக்கூறு. சிலசமயம் அஞ்சு நிமிசம் கூடும்."

"டிக்கெட்டுல ரெண்டரைன்னு இருக்கே?" என்றாள் பிஜி.

கோலப்பன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பதினொரு வருஷ வெயில் இருந்தது. "எங்கம்மையும் அப்படித்தான் பறையும். போகும்போ ரெண்டரை, வரும்போ அஞ்சரை, திரும்பி வர மனசில்லாம பிளேனு மெள்ள வருதுன்னு. எறங்குற நேரம் அந்த ஊரு நேரமாக்கும் பிஜி. அங்க மணி நம்மளவிட ஒண்ணரை பின்னால. அங்க பன்னிரண்டு அஞ்சுன்னா இங்க ஒண்ணு முப்பத்தஞ்சு."

ஞானசிகாமணி பிஜியின் போனை வாங்கி வாட்ஸ்அப் தாளை மறுபடி பார்த்தார். வெளியே தம்பானூர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"மெசேஜ் இங்க வந்து சேந்தது நம்ம மணி பன்னிரண்டு அஞ்சுக்கு. அப்ப பிளேன் எங்க இருக்கும்?"

"கடலுக்கு மேல. சோறு தந்திருப்பான்."

"போன்?"

"செத்துக் கிடக்கும்."

பிஜி கடையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நடுக்கடல்ல எறங்கியிருக்கான் அண்ணாச்சி. அதுவும் டயத்துக்கு."

"அவன் ஏறவே இல்ல" என்றார் ஞானசிகாமணி.

"ஆனா ஒரு சந்தேகம். ஆறு வருஷம் போய் வந்தவன். இந்த ஒண்ணரை மணிக்கணக்கு அவனுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாததுல நியாயம் உண்டு, நான் நாகர்கோவில் தாண்டாதவ."

"ஆறு வருஷம் போனதாலதான் தப்புப் பண்ணினான். நீ பஸ்ஸுல நின்னப்போ ஸ்டாப்பை எண்ணுவியா?"

"எதுக்கு எண்ணணும்? காலு சொல்லும்."

"அதான். கோலப்பா, அங்க எறங்கினதும் போன்ல மணிய யாரு மாத்துவா?"

"யாரு மாத்த? ஆன் பண்ணினா அதுவே மாறும்."

"ஆறு வருஷமா போன்ல பன்னிரண்டு அஞ்சு காட்டினா மெசேஜ் அனுப்புவான். இந்தத் தடவையும் போன்ல பன்னிரண்டு அஞ்சு காட்டிச்சு, அனுப்பிட்டான். போன் ஊரை விட்டுப் போகலைன்னு கைக்குத் தெரியல. ஊருக்குப் புதுசா போறவன் பயந்து பயந்து கணக்குப் பாத்திருப்பான்."

"கொல்லைக்கதவுச் சாவியும் அவன்கிட்ட" என்றாள் பிஜி மெதுவாக.

"ஆமா. எங்க இருக்கான்னுதான் தெரியணும்."

"டிரிவாண்ட்ரத்துல எத்தன லாட்ஜ்னு எண்ணி முடிக்கவே நாளைக்கு அஞ்சு மணி ஆயிரும்."

"லாட்ஜ எண்ண வேண்டாம். பெட்டியத் தேடுவோம். மனுசன் ஒளிஞ்சிக்குவான். முப்பது கிலோப் பெட்டி ஒளியாது. அத ஒருத்தன் தூக்கியிருப்பான்."

*

சுமக்கிறவர்கள் முகத்தை மறப்பார்கள், பாரத்தை மறக்க மாட்டார்கள். இது ஞானசிகாமணி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. அவருக்கே இன்றுவரை, தொண்ணூற்றெட்டில் இறக்கிய ஒரு புளி மூட்டையின் எடை தெரியும், கொடுத்த முதலாளியின் பெயர் தெரியாது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீலச் சட்டைச் சுமைதூக்கிகள் உட்காரும் கொட்டகையில் ஜிபின் இருந்தான். கம்போளத்தில் அவரோடு ஒரே லாரியில் ஏறி இறங்கியவன்.

"செவ்வாய்க்கிழமை, காலையில. ஒரு பெட்டி, கயிறு கட்டின அட்டைப்பெட்டி ஒண்ணு. ஷார்ஜான்னு எழுதியிருக்கும்."

"கல்ஃப்காரன் பெட்டி தினம் பத்து வரும் அண்ணே."

"இதுல விமானக் கம்பெனி ஒட்டுற சீட்டு இருக்காது."

ஜிபின் தலையைச் சொறிந்தான். பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, அந்த ஆளா! எங்களுக்குள்ள அன்னிக்கு அதான் பேச்சு. கல்ஃப்லருந்து எறங்குறவன் சாக்லேட் தருவான், சோப்பு தருவான். இவன் எனக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்கா வறுவல் தந்தான்!"

"ஷார்ஜாவிலருந்து வறுவல்" என்றாள் பிஜி. "அங்கருந்து தேங்காயும் கொண்டு வந்திருப்பான்."

"ருசி நல்லாத்தான் இருந்தது. வீட்டுல வறுத்தது."

"எந்த லாட்ஜ்?"

"ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி, மாடியேறி கடைசி ரூம். ரெண்டாம் மாடி. அட்டைப்பெட்டிதான் கனம், உள்ள ஏதோ ஜாடி. தோள்ல ஊறுகா எண்ணெய் இன்னும் போகல்ல, பாருங்க."

இருபத்து மூன்று உருப்படியில் வறுவல் இனி ஐந்து பாக்கெட் என்று பிஜி போனில் குறித்துக்கொண்டாள். "சார் ஃபைல் தப்பாயிரக் கூடாதில்ல."

*

கதவைத் தட்டியதும் திறந்தது. ஹரிஷங்கருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கீழே வேட்டி. வீடியோ காலில் இடுப்புக்குக் கீழே தெரியாது. பின்சுவரில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டு, ஷார்ஜா அறை போலச் செய்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று கோட்டயம் போவதாக அறிவித்துக்கொண்டிருந்தது.

"ஷார்ஜாவுல ரயில் விட்டாச்சா சார்?" என்றாள் பிஜி.

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். ஓடவில்லை, கத்தவில்லை. பிடிபட்டதில் பாதி நிம்மதி தெரிந்தது. லீவில் வந்த இடத்தில் வேலை போன செய்தி வந்ததாம். விசாவையும் ரத்து செய்துவிட்டார்களாம். டிக்கெட் மட்டும் கையில் இருந்தது.

"தெருவுல எல்லாரும் வழியனுப்ப வந்துட்டா. அப்பா பெட்டிக்கு லிஸ்ட் போட்டார். எப்படிச் சொல்றது? டாக்ஸியில ஏறிட்டேன். ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே சாக்கையில இறங்கி, ஒரு மணி நேரம் நின்னு, வேற ஆட்டோ பிடிச்சு இங்கே வந்துட்டேன்."

"வந்த ஆளு அப்புறம் கொல்லைக்கதவத் திறந்து மாலைய எடுத்தீங்க" என்றார் ஞானசிகாமணி. "அதுக்காக ஒரு பொம்பள நாளைக்கு ஸ்டேஷன்ல நிக்கப் போறா."

ஹரிஷங்கர் நிமிர்ந்து பார்த்தான். பயத்தில் அல்ல, குழப்பத்தில். "யாரு நிக்கப் போறா? எதுக்கு?"

"செல்லபாய். மாலை திருடினதுக்கு."

"திருட்டா? மாலையா?" அவன் எழுந்து, பெட்டியைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான். நாலு பவுன். "இதை நான் எடுக்கலை சார். நான் ஆத்துப் பக்கமே போகலை. இதை அம்மா கொண்டுவந்து குடுத்தா. செவ்வாய்க்கிழமை, ஒன்றரை மணிக்கு, இந்த ரூம்ல."

பிஜி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒன்பது வருஷ சர்வீஸில் இது முதல் தடவை.

"அம்மாவுக்கு இந்த ரூம் எப்படித் தெரியும்?"

அவன் போனை நீட்டினான். அப்பாவின் ஃபைலில் பிரிண்ட் ஆகாத பக்கம். அவன் '12.05: இறங்கியாச்சு' என்று இருவருக்கும் தனித்தனியே அனுப்பியிருந்தான். அப்பாவிடமிருந்து ஒரு கட்டைவிரல். அம்மாவிடமிருந்து 12.07-க்கு இரண்டு வரி:

'அடுக்களையில உன் கடியாரம் பத்து முப்பத்தேழுதான் காட்டறது. எங்கேடா இருக்கே?'

அதற்குக் கீழே அவன் பதிலாக அனுப்பிய லாட்ஜ் பெயரும் ரூம் நம்பரும். அம்மாவின் வரிகளை ஞானசிகாமணி இரண்டு தடவை படித்தார். அந்த வட்டச் சுண்ணாம்பு கண்முன் வந்தது. ஓடாத கடிகாரத்தை யாரும் அன்றைக்கே கழற்றுவதில்லை. ஓடுகிற கடிகாரம்தான் பார்க்கிறவளை உறுத்தும். முப்பத்து நான்கு வருஷம் ஊரார் பேப்பரைத் தணிக்கை செய்தவர் பார்க்காத தப்பை, அடுப்படியில் நின்றவள் இரண்டு நிமிஷத்தில் பிடித்திருந்தாள்.

"நாம இன்னிக்குக் கண்டுபிடிச்சத மாமி செவ்வாய்க்கிழமை குழம்பு தாளிக்கும்போதே கண்டுபிடிச்சுட்டா அண்ணாச்சி" என்றாள் பிஜி. "போர்டுல அவங்க பேரப் போடுவோம்."

"அப்பா தூங்கினப்போ கொல்லை வழியா வந்தா. ஒரு வேலை கிடைக்கற வரைக்கும் கையில வெச்சுக்கோன்னு மாலையைக் குடுத்தா. செல்லபாயைப் பத்தி எங்கிட்டச் சொல்லவே இல்லை சார். தினமும் ராத்திரி பேசறோம். சொல்லவே இல்லை."

"அதத்தான் கண்டுபிடிக்க வந்தோம் போல" என்றார் ஞானசிகாமணி. கைக்குட்டையை எடுக்காமல் அவனிடமே தள்ளினார். "நீங்களே கொண்டு வாங்க. இன்னிக்கு ஒரு தடவையாவது நெசமா வீட்டுக்குப் போய் எறங்குங்க."

*

மறுநாள் காலை பத்து மணி. கரமனை வீட்டுக் கொல்லைப்புறம். வெங்கடேஸ்வரன் பேங்குக்குப் போயிருந்தார். ஹரிஷங்கர் தெருமுனை டீக்கடையில் ஞானசிகாமணி கூப்பிடக் காத்திருந்தான். இரவு முழுக்கத் தைரியம் வரவில்லையாம், காலைவரை தவணை கேட்டிருந்தான். செல்லபாய் வாசற்படிக்குக் கீழே நின்றாள். மூன்று வருஷம் உள்ளே போன படி.

விஜயம் மாமி எதையும் மறுக்கவில்லை. "மூணு மணிக்கு அவர் எழுந்து, மாலை எங்கேன்னார். நேக்கு நாக்கு எழும்பலை. அவரே 'செல்லபாய்'ன்னார். நான் இல்லைன்னு சொல்லலை. அவ்வளவுதான் நான் பண்ணினது."

"அவ்வளவுதான்" என்றாள் பிஜி. "இதுக்குமேல என்ன பண்ணணும் மாமி?"

மாமி ஞானசிகாமணியைப் பார்த்தாள். "மாலை கிடைச்சுடுத்துன்னு சொல்லிடறேன். அரிசி டின்னுக்குப் பின்னால விழுந்து கிடந்ததுன்னு. புகாரை அவர் வாபஸ் வாங்கிடுவார். செல்லபாய்க்கும் பேப்பர் கிடைச்சுடும், எம் பிள்ளை பேரும் வெளில வராது. யாருக்கும் நஷ்டமில்லை."

மோசமான யோசனை இல்லை என்று ஞானசிகாமணிக்கே ஒரு கணம் தோன்றியது. ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். அவர் செல்லபாயைத் திரும்பிப் பார்த்தார்.

செல்லபாயின் முகம் சிவந்திருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

"அரிசி டின்னுக்குப் பின்னாலயா? மாமி, அந்த டின்ன நான் தினம் நவட்டி, தொடப்பத்தால அடியில தூத்துவேன். மூணு வருசத்துல ஒரு நாள் விட்டதில்ல. அங்க நாலு பவுனு கெடந்தது, நான் பாக்கல்லன்னா, நான் அங்க தூத்தவே இல்லன்னுல்லா அர்த்தம்? கள்ளின்னு சொன்னிய. இப்ப வேலைக்கள்ளின்னு சொல்லப் போறியளா?"

மாமி அடுக்களைப் பக்கம், அரிசி டின்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம் அது. கேஸ் எழுதணும்னா எழுதட்டும்."

"சேச்சி, பாஸ்போர்ட்…" என்றாள் பிஜி.

"பாஸ்போர்ட்டு கெடக்கட்டு. அங்க போயும் தூத்துதுதானே சோலி? தூத்தத் தெரியாதவன்னு பேர வாங்கிட்டா போவாவ?" அவள் மாமி பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "புதன்கிழமை இங்க வந்து நின்னேம்லா. நீங்க என் மொகத்தப் பாக்கல்ல. கள்ளி மொகத்தப் பாக்கப் பிடிக்காமத்தான்னு நினைச்சேன். ரெண்டு நாளு எனக்கே என்மேல சந்தேகம் வந்து, சேலை மடிப்பெல்லாம் ஒதறிப் பாத்தேன் மாமி."

கொல்லைக்கதவு கிரீச்சிட்டது. ஹரிஷங்கர் யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால், பாஸ்புக்கும் கையுமாக, வெங்கடேஸ்வரன். தெருமுனையில் மகனைப் பார்த்திருக்கிறார்.

"ஷார்ஜாவுல இருக்கறவன் டீக்கடையில நிக்கறான்" என்றார் அவர், யாரிடமென்று இல்லாமல். மகன் சொன்னான். மனைவி மீதியைச் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு உள்ளே போனார். பூஜை அறைக்கா, படுக்கைக்கா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஃபைலோடு திரும்பி வந்தார். '12.05: இறங்கியாச்சு' தாளைப் புரட்டி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஓரத்தில் 'இந்திய நேரம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"ஆறு வருஷம் நான் இதைப் பாத்து சந்தோஷப்பட்டேன்" என்றார். "ஒரு தடவைகூட அந்தக் கடியாரத்தைப் பாக்கலை."

ஸ்டேஷனுக்குக் கொடுத்த தாளை அவரே எழுதினார். 'மாலை களவு போகவில்லை. என் மனைவி அதை என் மகனுக்குக் கொடுத்தாள். செல்லபாய் மீது நான் கொடுத்த புகார் என் தவறு.' அரிசி டின் அதில் வரவில்லை. சாயங்காலம் நாலே முக்காலுக்கு எஸ்.ஐ. அதை வாங்கிப் படித்துவிட்டு, 'அல்லெங்கிலும் எனிக்கு அறியாமாயிருன்னு' என்று மலையாளத்தில் சொன்னார். எப்போதுமே தெரியும் என்று சொல்பவர்கள் எல்லாப் பாஷையிலும் உண்டு.

*

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அதே ஒன்பதரை விமானத்தில் செல்லபாய் போனாள்.

"நாலு மணி நேரம்" என்றாள் பிஜி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து. "ரெண்டு விதுரா டிரிப். வழியில ஆனை நிக்காது, அதான் வித்தியாசம்."

பன்னிரண்டு ஐந்து ஆயிற்று. போன் பேசவில்லை. கோலப்பன் கேட்காமலே இன்னொரு டீ வைத்தான். ஒன்று முப்பத்தைந்தும் ஆயிற்று. ஞானசிகாமணி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று ஐம்பதுக்குச் செய்தி வந்தது.

'எறங்கியாச்சு. இங்க மணி பன்னிரண்டு இருவது. நல்ல வெயிலு. பிளேன்ல சீட்டுக்கு அடியில ஒருத்தனும் தூத்தவே இல்ல, எல்லாம் குப்பை.'

"இந்த ஆளு நெசமாவே போயிட்டா" என்றார் ஞானசிகாமணி.

இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. விஜயம் மாமி.

"பிஜியா? செல்லபாயோட புது நம்பர் இருக்கோ? வெங்கலப்பானை மூடியை எங்கே வெச்சான்னு தெரியலை, மூணு நாளாத் தேடறேன். அவ ரூமுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் கூப்பிடறேன், இப்போ வேண்டாம். நேக்குத் தெரியும், அங்கே இப்போ பன்னிரண்டு இருபத்திரண்டுதானே."

"எப்படி மாமி அவ்வளவு கரெக்டா?"

மறுமுனையில், அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிற குரல்:

"கடியாரத்தைத் திரும்ப மாட்டிட்டேன்."